மேல்தட்டில் முளைத்தவை

நான்காம் மாடி ஓல்கியெர்த் வீட்டில்
ஜன்னல் மாற்றினார்கள்.
பழைய கதவு குப்பைத்தொட்டியருகே
மழையில் நின்றது, கண்ணாடியோடு.
இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள்
கக்கத்தில் இடுக்கிப் படியேறினேன்
ஆடு திருடி வருகிறவளைப் போல.

க்தீனியாத் துறைமுகத்தில்
பளுதூக்கியின் கூண்டில் என் பகல்.
நாற்பதடிப் பெட்டியை அந்தரத்தில் நிறுத்தி
காற்றின் மனசு அறிந்து
கப்பலின் வயிற்றில் இறக்க வேண்டும்.
இரவில்
கட்டைவிரல் உயரமுள்ள ஒருவனுக்குக்
கண் வைக்கிறேன்.
மூச்சடக்கி, மூன்று மயிர்த் தூரிகையால்.
இடதுகண் சரியாக வந்தால்
வலதுகண் கோணிவிடும்.
என் படையில் பாதிப்பேருக்கு
எதிரி எந்தப் பக்கம் என்றே தெரியாது.

பதினோரு வருஷம்
ரொட்டிப்பெட்டி மேல் நின்றார்கள்,
வானொலி மேல், ஃபிரிட்ஜ் மேல்.
தொப்பியில் தூசி, சேணத்தில் தூசி,
ஓங்கிய கையின் அக்குளில் தூசி.
ஒருநாள் பூனை ஒரு தளபதியைத் தின்றது.
மறுநாள் திருப்பித் தந்தது, தலையில்லாமல்.
அன்றைக்குத்தான்
ஜன்னல் கதவைக் கட்டிலடியிலிருந்து வெளியே இழுத்தேன்.

பலகைகளைக் கடையிலேயே அறுத்துத் தந்தார்கள்.
பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கக்
கவ்விகள் போதவில்லை.
அகராதியை ஏற்றினேன், அதன்மேல்
வெள்ளரி ஊறுகாய் ஜாடிகள் ஆறு.
ஒன்று கசிந்தது.
இன்றும் இடதுமூலையில் மூக்கை வைத்தால்
பூண்டும் சதகுப்பையும்.

அளந்தேன், இருமுறை.
தட்டுக்குத் தட்டு ஒன்பது சென்டிமீட்டர்.
குதிரை, குதிரைமேல் ஆள்,
இந்நாட்டுப் பழைய வழக்கப்படி
அவன் முதுகில் கட்டிய மரச்சிறகு,
சிறகின் உச்சியில் கடைசி இறகு.
எல்லாம் அளந்தேன்.
ஈட்டியை மறந்தேன்.

ஏழு பேர். ஏழு ஈட்டி.
ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை அதிகம்.
முன்னால் சாய்த்தால் கண்ணாடி இடிக்கிறது.
பக்கம் சாய்த்தால்
அடுத்த குதிரையின் கண்ணுக்கு ஆபத்து.
வெட்டிவிடு, என்றான் போகுமில்,
டிவியிலிருந்து பார்வை எடுக்காமல்,
யாருக்குத் தெரியப்போகிறது?

வெட்டலாம்தான்.
கம்பி வெட்டும் கத்திரி கையிலேயே இருந்தது.
பித்தளை ஊசியைத் தேய்த்துத் தேய்த்து
நான் செய்த ஈட்டிகள்.
முனைகளில் கொடி, சிகரெட் தாளில்,
சிவப்பும் வெள்ளையும்.
கத்திரியைத் திறந்தேன். மூடினேன்.
போய்த் துளைப்பானை எடுத்துவந்தேன்.

மேல்தட்டில் சந்தை.
வாத்து விற்பவள், முட்டைக்கோசு வண்டி,
குடித்துவிட்டுத் தண்ணீர்த்தொட்டியோரம்
உறங்கும் பாதிரியார்.
அவர்கள் தரையில் ஏழு துளை.
மரத்தூள் கோசுகள்மேல் விழுந்தது.
பனி என்று வைத்துக்கொள்ளட்டும்.
கொடிகளைப் பிய்த்தெடுத்து
கீழிருந்து ஈட்டியை ஏற்றினால்
மேலே முளைவிட்டது பித்தளை:
ஒன்று வாத்துக்காரியின் பாவாடையோரம்,
ஒன்று பாதிரியார் காதருகே.
நல்லவேளை, அவர் புரண்டு படுக்கும் ரகமில்லை.
வெளிவந்த முனைகளில்
கொடிகளை மறுபடி ஒட்டினேன்,
இடுக்கியால், நாக்கைக் கடித்தபடி.

போகுமில் எழுந்து வந்தான்.
மேல்தட்டையே பார்த்தான் ரொம்ப நேரம்.
என்ன திருவிழா? என்றான்.

கதவு மாட்டினேன். கீல் பக்கம்
மூன்று மில்லிமீட்டர் இளிக்கிறது;
தூசி அந்த வழி அறியும்.
கண்ணாடியில் ஓல்கியெர்த்தின் மகள்
எப்போதோ ஒட்டிய திமிங்கிலம், பாதி.
சுரண்டவில்லை.
பழைய கண்ணாடி, கொஞ்சம் அலையோடும்.
நாம் நடந்தால்
உள்ளே குதிரைகள் நடக்கின்றன.

நேற்று சிப்ரியன் அழைத்தான்.
வியாழக்கிழமை ஆட்டம்,
உன் சிறகுப்படையைக் கொண்டுவா,
சுவீடன்காரர்கள் ஆற்றைக் கடந்துவிட்டார்கள்.

வரமாட்டார்கள், என்றேன்.

ஏன், என்ன ஆச்சு?

எப்படிச் சொல்வது.
ஆளை எடுத்தால் சந்தையில் கொடி சாயும்.

கொஞ்சம் வேலையாக இருக்கிறார்கள், என்றேன்,
மாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.